தோற்றமும் உரையும்: இணைய எழுத்தாளரின் தன்விவரப் பக்க வடிவமைப்பில் தமிழ் எழுத்து

ஆய்வுச் சுருக்கம்

இணையத்தில் எழுதும் ஒருவரை வாசகருக்கு முதலில் அறிமுகப்படுத்துவது அவருடைய தன்விவரப் பக்கமாகும். அப்பக்கத்தின் எழுத்துரு, நிறம், வரியிடைவெளி, படம் ஆகியவற்றைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு எழுத்தாளர்களுக்கு இருக்கிறது. இவ்வாய்ப்பு அழகியல் தொடர்பானதாக மட்டுமே பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழைப் பொறுத்தவரை தோற்றம் குறித்த முடிவுகள், உரை வாசிக்கப்படுமா, தேடினால் கிடைக்குமா, ஒலியாகக் கேட்கப்படுமா, பின்னாளில் எஞ்சுமா என்பவற்றையும் தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எழுத்துருவையே உரையாகக் கொண்டிருந்த குறியாக்கக் காலத்தின் அனுபவத்தை அடிப்படையாக வைத்து, தோற்றத்தையும் உரையையும் பிரித்து வைப்பதே தன்விவரப் பக்க வடிவமைப்பின் முதன்மை நெறி என்னும் கருத்து நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தன்விவரப் பக்கம், பாயிரம், எழுத்துரு, ஒருங்குறி, பாணித்தாள், நிற வேறுபாடு, திரைபடிப்பான்.

முன்னுரை

அச்சு நூலில் ஆசிரியரைப் பற்றிய குறிப்பு பெரும்பாலும் பின்னட்டையில் இடம்பெறும். அதன் எழுத்துரு, அளவு, இடம் ஆகியவற்றைப் பதிப்பாளரும் அச்சகத்தாரும் முடிவு செய்வர். இணையத்தில் இப்பணி எழுத்தாளரிடமே வந்து சேர்ந்துள்ளது. தம் பெயர் எந்த எழுத்துருவில் தோன்ற வேண்டும், பின்னணி என்ன நிறத்தில் அமைய வேண்டும், எந்தப் படைப்பு முதலில் நிற்க வேண்டும் என்பவற்றை அவரே தெரிவு செய்கிறார். ஆயினும் அச்சுக் கோப்பாளருக்கு இருந்த பயிற்சி அவருக்கு இருப்பதில்லை. மேலும் இணையத் தளங்கள் தரும் வார்ப்புருக்களுள் பெரும்பாலானவை இலத்தீன் எழுத்தை மனத்தில் கொண்டு அளவிடப்பட்டவை. அவற்றில் தமிழை இட்டு நிரப்பும்போது நெருக்கமும் சிதைவும் ஏற்படுகின்றன.

ஆய்வாளர்களுக்கும் இச்சிக்கல் அயலானதன்று. இன்று விரிவுரையாளர்களும் ஆய்வு மாணவர்களும் ஏதேனும் ஒரு தன்விவரப் பக்கத்தைப் பேணி வருகின்றனர். இக்காலப் படைப்பாளர்களை ஆராய்வோர் அவர்களுடைய பக்கங்களைத் தரவாகவும் பயன்படுத்துகின்றனர். எனவே அப்பக்கம் எவ்வாறு உருவாகிறது, அதில் எது நிலைப்பது, எது அழிவது என்பதை அறிந்துகொள்வது தேவையாகிறது.

பாயிர மரபும் தன்விவரப் பக்கமும்

நூலையும் அதை இயற்றியவரையும் அறிமுகம் செய்யும் பகுதிக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல், சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டிய செய்திகளை எட்டாக வகுக்கிறது. இயற்றியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இன்றைய எழுத்தாளர் பக்கம் ஒன்றில் வாசகர் எதிர்பார்க்கும் செய்திகளும் ஏறத்தாழ இவையே. யார் எழுதுகிறார், எந்த மரபில் அல்லது துறையில் நின்று எழுதுகிறார், எவ்வடிவத்தில் எழுதுகிறார், எதைப் பற்றி எழுதுகிறார், யாருக்காக எழுதுகிறார் என்னும் வினாக்களுக்குப் பக்கம் விடை தர வேண்டும்.

பாயிரத்தின் மறுபெயர்களாக நன்னூல் தருவனவற்றுள் அணிந்துரை, புனைந்துரை என்பனவும் உள்ளன. அணிதல், புனைதல் என்னும் இரண்டும் தோற்றம் சார்ந்த வினைகள். பாயிரத்தை மாடத்துச் சித்திரத்தோடும் நகரத்துக் கோபுரத்தோடும் மகளிர் அணிகலனோடும் அந்நூல் ஒப்பிடுகிறது. அணி செய்வதை இலக்கண மரபு குறையாகக் கருதவில்லை என்பது இதனால் விளங்கும். அதே வேளையில், மேற்கூறிய எட்டுச் செய்திகளையும் காட்டுவதே பாயிரத்தின் இலக்கணம் என்றும் அது வரையறுக்கிறது. செய்தி உடலாகவும் அணி அதன்மேல் நிற்பதாகவும் கொள்ளப்படுகின்றன.

ஒரு வேறுபாடும் கருதத்தக்கது. சிறப்புப் பாயிரம் செய்வதற்கு உரியவர்கள் நூலாசிரியரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் ஆகியோரே. தன்னைத் தானே புகழ்தல் சில இடங்களில் மட்டுமே ஏற்கப்பட்டது. தன்விவரப் பக்கத்தையோ எழுத்தாளரே எழுதி, அவரே அணியும் செய்கிறார். சொல்லால் தம்மைப் புகழ்ந்துகொள்ளத் தயங்குபவரும் பெரிய படம், மின்னும் பெயர், பரிசுகளின் அணிவகுப்பு ஆகியவற்றின் வழியாக அதனைச் செய்துவிட முடிகிறது. தோற்றமும் ஒரு கூற்றாகவே வாசிக்கப்படுகிறது என்பதை இது காட்டுகிறது.

தோற்றத்தை மாற்றும் உரிமை: சுருக்கமான வரலாறு

தனிமனிதர் தமக்கென ஓர் இணையப் பக்கத்தை இலவசமாக அமைத்துக்கொள்ளும் வாய்ப்பைப் பரவலாக்கிய தளங்களுள் ஒன்று 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ். அங்குப் பக்கத்தின் ஒவ்வொரு கூறும் பயனர் கையில் இருந்தது. பின்னணிப் படம், ஓடும் எழுத்து, மின்னும் எழுத்து என அக்காலப் பக்கங்களின் தோற்றம் பலவாறாக அமைந்தது. 1999இல் யாகூ நிறுவனம் அதனை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. இணைய ஆவணகம் முதலான சில முயற்சிகள் ஒரு பகுதியைக் காப்பாற்றின. ஏனைய பக்கங்கள் மறைந்தன.

இதற்கிடையே பக்கத்தின் உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் தனித்தனியே எழுதும் முறை உருவாகியது. சி.எஸ்.எஸ். என வழங்கும் பாணித்தாள் மொழியின் முதற் பரிந்துரையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1996 டிசம்பரில் வெளியிட்டது. உரையை மீயுரைக் கோப்பில் வைத்துவிட்டு, அதன் நிறம், அளவு, எழுத்துரு, இடைவெளி ஆகியவற்றைப் பாணித்தாளில் எழுதுவதே இதன் அடிப்படை. பாணித்தாளை நீக்கினாலும் உரை அழியாது. இந்தப் பிரிப்பே இக்கட்டுரையின் மையக் கருத்துக்கும் அடிப்படையாகிறது.

2003இல் தொடங்கிய மைஸ்பேஸ் தளத்தில் பயனர்கள் தம் தன்விவரப் பகுதிக்குள்ளேயே பாணிக் குறிமுறையை ஒட்டிப் பக்கத்தின் முழுத் தோற்றத்தையும் மாற்றினர். நிரலாக்கம் அறியாத பலர் பாணி எழுதக் கற்றுக்கொண்டது அங்குதான். அச்சுதந்திரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 2005 அக்டோபரில் ஒருவர் தம் பக்கத்தின் பாணிக் குறிமுறைக்குள் ஒரு நிரலை மறைத்து வைத்தார். பக்கத்தைப் பார்த்தவர்களின் பக்கங்களிலும் அது தன்னைப் படியெடுத்துக்கொண்டு, ஒரு நாளுக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களிடம் பரவியது. சாமி புழு என இந்நிகழ்வு அறியப்படுகிறது. பயனர் எழுதும் குறிமுறையை அப்படியே ஏற்பது பாதுகாப்பற்றது என்பதை இது உணர்த்தியது.

இன்றைய தளங்களை, தோற்ற உரிமையின் அளவைக் கொண்டு மூவகையாகப் பகுக்கலாம். முதல் வகை, மாற்ற இயலாத வார்ப்புரு உடையது. ஆர்க்கிட், கூகுள் ஸ்காலர் போன்ற ஆய்வாளர் பக்கங்கள் இவ்வகையின. இங்குப் பயனர் தருவது செய்தி மட்டுமே. இரண்டாம் வகை, ஆயத்தமான வார்ப்புருக்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து நிறம், எழுத்துரு, தலைப்புப் படம் ஆகியவற்றை மாற்ற இடம் தருவது. பிளாகர், வேர்டுபிரஸ் ஆகியவற்றை இதற்குச் சான்றாகக் கூறலாம். மூன்றாம் வகை, எழுத்தாளர் தமக்கெனத் தளப்பெயர் பெற்று முழுமையாக அமைத்துக்கொள்ளும் பக்கம். உரிமை மிகுந்தோறும் பொறுப்பும் மிகுகிறது.

எழுத்துருவே உரையாக இருந்த காலம்

தமிழ் இணையத்தின் தொடக்கக் காலத்தில் தோற்றத்தையும் உரையையும் பிரிக்க இயலாத நிலை இருந்தது. அன்று பரவலாக வழங்கிய எழுத்துருக்கள் பல, இலத்தீன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் மிகுதியாகப் பயன்பட்ட பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அவ்வெழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல் திரையில் சரியாகவே தெரியும். கணினியின் நினைவகத்தில் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு இலத்தீன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே பக்கத்தைத் திறந்தால் பொருளற்ற இலத்தீன் கோவையே தெரியும்.

இந்நிலையில் பக்கத்தின் எழுத்துருவை மாற்றுவது உரையையே அழிப்பதற்கு ஒப்பாக இருந்தது. எழுத்தாளர் தம் பக்கத்துக்கு வேறொரு அழகிய எழுத்துருவை இட விரும்பினால், அது வேறொரு குறியாக்கத்தைச் சேர்ந்ததாக இருப்பின் முழு உரையையும் மாற்ற வேண்டும். வாசகரும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவ வேண்டும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்னும் தரங்கள் அமைந்தன. இணையக் குழுவினரின் உழைப்பால் டிஸ்கி தரம் உருவாயிற்று. ஒரு தரத்துக்குள் எழுத்துருக்களை மாற்றிக்கொள்ள இவை வழிவகுத்தன. ஆயினும் தரங்கள் பலவாக இருந்தமையால் சிக்கல் முற்றிலும் தீரவில்லை.

அக்காலத்தில் எழுதப்பட்ட பக்கங்களுள் இன்றும் எஞ்சியிருப்பவற்றை ஆய்வுக்கு எடுப்போர் இரண்டு தடைகளைச் சந்திக்கின்றனர். முதலாவது, உரிய எழுத்துரு இல்லையேல் உரை படிக்க இயலாது. இரண்டாவது, தேடுபொறிக்கு அது தமிழாகத் தெரியாது; எழுத்தாளரின் பெயரைத் தமிழில் தட்டச்சிட்டுத் தேடினால் அப்பக்கம் வெளிப்படாது. உரை அழியாமல் இருந்தும் அடையாளம் இழந்துவிடுகிறது. இதற்குக் காரணம் ஒன்றே: உரையின் பொருளைத் தோற்றம் சுமந்து நின்றது, தோற்றம் விலகியதும் பொருளும் விலகியது.

ஒருங்குறியும் வடிவ வேறுபாடும்

1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. தமிழகத்தில் இணையப் பயன்பாட்டில் அது வேரூன்றியது 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆகும். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 குறியாக்கத்தையும் தரங்களாக ஏற்றது. ஒருங்குறியில் குறியிடப்படுவது எழுத்தே அன்றி அதன் வடிவம் அன்று. வடிவத்தைத் தருவது எழுத்துருவின் பணி.

1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டு இதனை எளிதில் விளக்கலாம். ணை, லை, ளை, னை முதலியவற்றுக்கு முன்பு துதிக்கை போன்ற கொம்புடைய வடிவமும், ணா, றா, னா முதலியவற்றுக்குக் கூட்டு வடிவமும் வழங்கின. ஒருங்குறியில் ‘யானை’ என்று ஒருமுறை எழுதினால் போதும். இன்றைய வடிவம் தரும் எழுத்துருவிலும் பழைய வடிவம் தரும் எழுத்துருவிலும் அதே உரை தோன்றும். தேடுதல், அகரவரிசைப்படுத்தல், ஒலித்தல் எதுவும் மாறாது. பழைய அச்சு மரபில் ஈடுபாடுடைய ஓர் ஆய்வாளர் தம் பக்கத்துக்கு முற்கால வடிவங்களை இட விரும்பினால் இன்று உரையைத் தொடாமலே அதனைச் செய்யலாம். தோற்றமும் உரையும் பிரிந்ததன் பயன் இது.

தமிழ்ப் பக்கத்தின் தோற்றக் கூறுகள்

அ) எழுத்துருத் தெரிவு

வாசகரின் கருவியில் உள்ள எழுத்துருவை நம்பியிருந்தால், விண்டோசில் லதா அல்லது நிர்மலா யுஐ, ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என், ஆண்டிராய்டில் நோட்டோ என ஒரே பக்கம் பலவாறு தோன்றும். ஒரே தோற்றம் வேண்டுவோர் வலை எழுத்துருவைப் பக்கத்தோடு இணைக்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, காடமரான், மீரா இனிமை முதலியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இவற்றுள் எதைத் தெரிந்தெடுத்தாலும் பாணித்தாளில் மாற்று எழுத்துருவின் பெயரையும் சேர்த்தல் வேண்டும். எழுத்துரு வந்து சேரும்வரை கருவியில் உள்ள எழுத்துருவில் உரையைக் காட்டுமாறும் அமைக்கலாம். இணைப்பு மெதுவாக உள்ள இடத்தில் வாசகர் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக் காத்திருக்கும் நிலையை இது தவிர்க்கும்.

தமிழும் இலத்தீனும் கலந்து வரும் பக்கங்களில் மற்றொரு சிக்கல் எழுகிறது. வார்ப்புருவில் குறிப்பிட்ட எழுத்துருவில் தமிழ் இல்லையெனில், உலாவி தமிழுக்கு மட்டும் வேறோர் எழுத்துருவைத் தானே தேடிக்கொள்ளும். அதனால் ஒரே வரியில் இருவேறு தடிப்பும் அளவும் தோன்றும். ‘எழுத்துருவை மாற்றினேன், தமிழில் மாற்றம் தெரியவில்லை’ என்று பலர் குழம்புவதன் காரணம் இதுவே.

ஆ) வரியிடைவெளியும் வரி ஒழுங்கும்

தமிழ் எழுத்து மேலும் கீழும் விரிவது. புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும் மேலே எழுகின்றன. உகர ஊகாரக் குறிகள் பல கீழே இறங்குகின்றன. மேல்வரியில் ‘ழு’ வந்து அதன் நேர்கீழே ‘கீ’ வருமானால், நெருக்கமான வரியமைப்பில் இரண்டும் முட்டிக்கொள்ளும். எனவே எழுத்தளவில் 1.5 மடங்குக்குக் குறையாத வரி உயரம் தமிழ் உரைக்குப் பொருத்தமாகும். வலை உள்ளடக்க அணுகல் நெறிகளின் 2.1ஆம் பதிப்பும் வாசகர் வரி உயரத்தை 1.5 மடங்காக்கிக்கொண்டால் உரை மறையவோ சிதையவோ கூடாது என்று வகுத்துள்ளது. தன்விவரக் குறிப்பை நிலையான உயரமுள்ள பெட்டிக்குள் அடைத்து வைக்கும் வார்ப்புருக்கள் இத்தேர்வில் தவறிவிடும்.

இரு ஓரங்களையும் நேராக்கும் முறை அச்சு நூலில் அழகு தருவது. தமிழ் நாளிதழ்கள் நீண்ட சொற்களை வரியிறுதியில் இணைப்புக்கோடு இன்றியே முறித்து இந்நேர்மையைக் காக்கின்றன. உலாவிகளோ இயல்பாகச் சொல்லிடைவெளியில் மட்டுமே வரியை முறிக்கின்றன. புணர்ச்சியால் நீண்ட சொற்கள் மிகுந்த உரையைக் கைப்பேசியின் குறுகிய திரையில் இரு ஓரமும் நேராக்கினால் சொற்களுக்கிடையே பெரும்பள்ளங்கள் தோன்றும். ஆதலால் இடப்பக்கம் மட்டும் சீராக்குவதே ஏற்றது.

இ) சாய்வும் தடிப்பும்

இலத்தீன் அச்சில் நூற்பெயரைச் சாய்வெழுத்தில் தருவது மரபு. தமிழ் அச்சில் அவ்விடத்தை ஒற்றை மேற்கோள் குறியோ தடித்த எழுத்தோ பெறுகிறது. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்ந்த வடிவம் தனியே வரையப்படவில்லை. அந்நிலையில் சாய்வு கேட்கப்பட்டால் உலாவி நேரெழுத்தையே இயந்திரத்தனமாகச் சாய்க்கும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் தடிப்பைக் கேட்டால் கோடுகள் வெறுமனே பருத்து, ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ போன்ற சுழி மிகுந்த எழுத்துகளின் உள்வெளி அடைபடும். நூற்பெயர்ப் பட்டியல் நீண்ட பக்கத்தில் இது வாசிப்பைத் தளர்த்தும்.

ஈ) நிறம்

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடலாம். மேற்கூறிய அணுகல் நெறிகள் இயல்பான அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்றும் பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்றும் வரையறுக்கின்றன. வெள்ளையில் கருப்பு 21க்கு 1 என்னும் உச்ச அளவைத் தருகிறது. வெள்ளையில் தூய சிவப்பு 4க்கு 1 அளவிலேயே நின்றுவிடுகிறது.

மஞ்சளில் சிவப்பு என்பது தமிழர் அழைப்பிதழ்களில் மங்கலமாகக் கருதப்படும் சேர்க்கை. எழுத்தாளர் பக்கங்களிலும் அதனைக் காணலாம். தூய மஞ்சளில் தூய சிவப்பின் விகிதம் ஏறத்தாழ 3.7க்கு 1 ஆகும். பெயரைப் பெரிய எழுத்தில் இட இது போதும், குறிப்புரைக்குப் போதாது. அதே மஞ்சளில் சிவப்பை அடர்ந்த அரக்கு நிறமாக்கினால் விகிதம் 10க்கு 1ஐத் தாண்டுகிறது. மரபு சார்ந்த நிறத்தைக் கைவிடாமலே வாசிப்பெளிமையை அடைய இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

பெயர்: ஒத்த தோற்றம், வேறுபட்ட உரை

தன்விவரப் பக்கத்தின் உயிர்நிலை எழுத்தாளர் பெயர். தோற்றத்தை மட்டும் நம்பும்போது இங்கும் பிழை நேர்கிறது. ‘மௌனி’ என்னும் புனைபெயரை எடுத்துக்கொள்வோம். ஔகார உயிர்மெய்யின் வலப்பகுதி ளகரத்தை ஒத்திருப்பதால், மகரத்தோடு எகரக் குறியைச் சேர்த்து அடுத்து ளகரத்தைத் தட்டச்சிடுவோர் உண்டு. திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாக எழுதுவதும் இத்தகையதே. சரியான வடிவத்தில் தேடுபவருக்குத் தவறான வடிவத்தில் உள்ள பக்கம் கிடைக்காமல் போகலாம். அகரவரிசையில் அப்பெயர் இடம் மாறி நிற்கும். திரைபடிப்பான் அதனைப் பிழையாக ஒலிக்கும். கண்ணுக்குச் சரியாக இருப்பது உரையாகவும் சரியாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

எழுத்தெண்ணிக்கையும் கருதத்தக்கது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து குறிகள். யுடிஎப் 8 முறையில் சேமிக்கும்போது 15 பைட்டுகள். அறிமுகக் குறிப்புக்கு எழுத்தெல்லை விதிக்கும் தளங்கள் குறிகளை எண்ணுமாயின், தமிழில் எழுதுபவருக்குத் தாம் எண்ணியதைவிடக் குறைந்த இடமே கிடைக்கும். இதனை முன்கூட்டியே அறிந்து குறிப்பைச் சுருக்குவது நல்லது. இல்லையேல் குறிப்பு நடுச்சொல்லில் அறுபடும்.

ஆய்வாளர் பக்கங்களில் முன்னெழுத்தும் குடும்பப் பெயரும் சிக்கலாகின்றன. தமிழர் பெயரில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். குடும்பப் பெயர் என்னும் பாகுபாடு பலருக்கு இல்லை. 2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஆர்க்கிட் அடையாளத்தில் முதற்பெயர் மட்டுமே கட்டாயம். குடும்பப் பெயர் கட்டாயமன்று. வெளியீடுகளில் வழங்கும் பெயரைத் தனியாகவும், வேறு பெயர்களையும் எழுத்துக்கூட்டல்களையும் கூடுதலாகவும் தர இடமுண்டு. தமிழ் வடிவத்தையும் இலத்தீன் வடிவங்களையும் புனைபெயரையும் அங்குப் பதிந்து வைத்தால், ஒருவரே பலராகத் தோன்றுவதைத் தவிர்க்க இயலும். தோற்றத்தை மாற்ற இடமில்லாத பக்கத்திலும் காட்சிப் பெயர் என்னும் ஒரு தெரிவு எஞ்சியிருக்கிறது. அதனைக் கவனத்துடன் கையாள வேண்டும்.

படமாக்கப்பட்ட உரை

விரும்பிய எழுத்துரு வலையில் கிடைக்காதபோது, பெயரையும் குறிப்பையும் வரைகலை மென்பொருளில் எழுதிப் படமாக ஏற்றுவது இன்று பரவலான வழக்கம். நூல் வெளியீட்டுச் செய்தி, பரிசு விவரம், சில வேளைகளில் முழு வாழ்க்கைக் குறிப்பும்கூடப் படமாகவே இடம்பெறுகின்றன. குறியாக்கக் காலத்தின் சிக்கல் இங்கு வேறு வடிவில் திரும்பி வருகிறது எனலாம். தோற்றம் மீண்டும் உரையை விழுங்கிவிடுகிறது. படத்திலுள்ள சொற்களை வாசகர் படியெடுக்க இயலாது. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடங்கி அமையா.

பார்வைத்திறன் குறைந்தோருக்கு இதன் விளைவு மேலும் கடுமையானது. ஈஸ்பீக் போன்ற திறந்த மூல ஒலிப்பு மென்பொருள்கள் தமிழ் உரையை ஒலிக்கும் திறன் பெற்றவை. அவற்றுக்கு உரை உரையாகக் கிடைக்க வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்னும் குறிப்பும் குறிமுறையில் இருக்க வேண்டும். மாற்றுரை இணைக்கப்படாத படம் அவர்களுக்கு வெற்றிடமாகவோ பொருளற்ற கோப்புப் பெயராகவோ மட்டுமே அமையும். படம் இன்றியமையாததெனில் அதிலுள்ள சொற்கள் அனைத்தையும் மாற்றுரையாகவோ படத்தின் கீழோ எழுதுதல் வேண்டும்.

எழுத்தாளர் விருப்பமும் வாசகர் உரிமையும்

பாணித்தாள் முறையில் உலாவியின் பாணி, வாசகரின் பாணி, ஆக்கியோனின் பாணி என மூன்று அடுக்குகள் உள்ளன. எழுத்தாளர் அமைத்த தோற்றத்தைத் தம் தேவைக்கேற்ப வாசகர் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அதன் வடிவமைப்பிலேயே இடம்பெற்றுள்ளது. 2009 நவம்பரில் பொதுச் சோதனைக்குத் திறக்கப்பட்ட ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் ஆங்கில ரசிகர் புனைவுத் தளம் இதனை வெளிப்படையாகவே செயற்படுத்துகிறது. அங்கு எழுத்தாளர் தம் படைப்புக்குத் தனித்தோற்றம் அமைக்கலாம். வாசகர் ஒரு பொத்தானை அழுத்தி அத்தோற்றத்தை மறைத்து உரையை மட்டும் வாசிக்கலாம். தளத்தின் தோற்றத்தை மாற்றும் பயனரின் தெரிவோ அவருடைய பார்வைக்கு மட்டுமே பொருந்தும். பிறர் மீது திணிக்கப்படுவதில்லை. தமிழ் எழுத்தாளர் பக்கங்களும் இந்நெறியைப் பின்பற்றத்தக்கன. எழுத்தளவைக் கூட்டினாலும் இருள்நிறப் பின்னணிக்கு மாற்றினாலும் தாங்கி நிற்கும் பக்கமே வாசகரை மதிக்கும் பக்கம்.

செய்முறை ஒழுங்கு

மேற்கண்டவற்றின் அடிப்படையில் தன்விவரப் பக்கம் அமைப்போர் பின்வரும் வரிசையைக் கைக்கொள்ளலாம்.

1. பெயர், துறை, படைப்புகள், தொடர்புவழி ஆகியவற்றை எவ்வித அலங்காரமும் இன்றி ஒருங்குறியில் எழுதி, தனிக்கோப்பாகச் சேமித்தல். தளம் மூடப்பட்டாலும் இக்கோப்பு எஞ்சும்.

2. பெயரிலுள்ள ஔகாரம், ஒகர ஓகாரக் குறிகள் ஆகியவற்றைச் சரிபார்த்து, அப்பெயரைப் புதிதாகத் தட்டச்சிட்டுப் பக்கத்துக்குள் தேடிப்பார்த்தல்.

3. தமிழ் வடிவங்களைக் கொண்ட எழுத்துருவையும் மாற்று எழுத்துருவையும் பாணித்தாளில் குறித்தல். வரி உயரத்தை 1.5 மடங்குக்குக் குறையாமல் வைத்தல்.

4. நிற வேறுபாட்டு விகிதத்தைக் கணித்தல்.

5. பாணித்தாளை நீக்கிவிட்டும், எழுத்தளவை இருமடங்காக்கியும், கைப்பேசியிலும், திரைபடிப்பானிலும் பக்கத்தைச் சோதித்தல்.

6. நிறைவுற்ற பக்கத்தை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் பதிவு செய்தல். குறிப்பிடத்தக்க மாற்றம் செய்யும்போதெல்லாம் மீண்டும் பதிதல்.

இவற்றுள் முதலும் ஐந்தும் இன்றியமையாதவை. அலங்காரம் அனைத்தையும் நீக்கிய பிறகும் எழுத்தாளர் யார், என்ன எழுதியுள்ளார் என்பது தெளிவாக நிற்குமானால், அதன்மேல் எவ்வணியையும் ஏற்றலாம்.

முடிவுரை

தன்விவரப் பக்கத்தின் தோற்றத்தைத் தாமே அமைக்கும் உரிமை இணையம் எழுத்தாளருக்கு வழங்கிய பேறு. தமிழ் எழுத்தின் மேல்கீழ் விரிவு, நீண்ட சொற்கள், ஒத்த வடிவங்கள், முன்னெழுத்து மரபு ஆகியன இலத்தீனுக்காக அமைந்த வார்ப்புருக்களில் தனிக்கவனத்தைக் கோருகின்றன. எழுத்துருவும் உரையும் ஒன்றாகப் பிணைந்திருந்த காலத்தில் எழுதப்பட்டவற்றுள் பல இன்று படிக்க இயலாத நிலையை அடைந்துள்ளன. உரையைப் படமாக்கும் இன்றைய வழக்கமும் அத்திசையிலேயே செல்கிறது. தோற்றத்தையும் உரையையும் பிரித்து வைத்தல் என்னும் ஒரு நெறி இவ்விழப்பைத் தடுக்க வல்லது.

பாயிரத்தை அணியாகக் கண்ட இலக்கண மரபு, அதற்குரிய செய்திகளையும் வகுத்துச் சென்றது. அவ்விரண்டையும் ஒருசேரக் கருதுவதே இணையப் பக்கத்துக்கும் பொருந்தும். பிளாகர், வேர்டுபிரஸ் முதலிய தளங்களின் ஆயத்த வார்ப்புருக்களைத் தமிழ் எழுத்தின் அளவுகளைக் கொண்டு தனித்தனியே மதிப்பிடுவதும், பழைய குறியாக்கங்களில் எஞ்சியுள்ள எழுத்தாளர் பக்கங்களைத் தொகுத்து ஒருங்குறிக்கு மாற்றுவதும் இத்துறையில் தொடர்ந்து மேற்கொள்ளத்தக்க ஆய்வுகளாகும்.